பின்மூடியில் எழுதிய எண்

1982ஆம் ஆண்டு கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் வாரமலருக்கு வெளிநாட்டுச் செய்தித் துணுக்குகளை மொழிபெயர்த்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. ஒரு வாரம் மோட்டார் வாகனங்கள் பற்றி எழுத நேர்ந்தது. மேற்கு ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 745 என்னும் சொகுசுக் காரை விற்பனை செய்து வருவதாகவும், அது 4,500 சி.சி. இயந்திரம் பொருத்தப்பட்டது என்றும் எழுதினேன். மூலச் செய்தியில் இயந்திரத்தின் கொள்ளளவு இருக்கவில்லை. 728 என்றால் 2.8 லீற்றர், 735 என்றால் 3.5 லீற்றர் என்பது தெரியும். ஆகவே 745 என்பது 4.5 லீற்றராகத்தானே இருக்க வேண்டும்?

இரு வாரங்கள் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மொறிஸ் மைனர், ஏ40 கார்களைத் திருத்தி வாழ்பவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவர், சிறிய எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார். மேற்கு ஜேர்மனியில் இருக்கும் தமையனின் மகன் அனுப்பிய விளக்கப் புத்தகத்தில் 3,210 சி.சி. என்றே இருப்பதாகவும், பெயரை நம்பாமல் மூடியைத் திறந்து பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுமாறும் அதில் கண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. திருத்தம் வெளியிடவில்லை.

அவர் சொன்னது முற்றிலும் சரி என்பதை வெகுகாலத்தின் பின்னரே அறிந்துகொண்டேன்.

டர்போ புதிய கண்டுபிடிப்பு அன்று. இயந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சில்லைச் சுழற்றி, அதனால் கூடுதல் காற்றைச் சிலிண்டருக்குள் திணிக்கலாம் என்னும் எண்ணத்துக்குச் சுவிற்சர்லாந்தின் பொறியியலாளர் அல்ஃபிரட் பூக்கி 1905இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில், செவ்ரொலே கார்களில் அது வந்து, நிலைக்காமற் போயிற்று. பி.எம்.டபிள்யூ 1973 செப்தெம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 2002 டர்போவைக் காட்டியது. இரண்டு லீற்றரில் 170 குதிரைவலு. அடுத்த மாதமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1,672 கார்களோடு அதன் கதை முடிந்தது.

எனினும் நிறுவனத்துக்கு வேறோர் இடர் இருந்தது. 1977இல் அது வெளியிட்ட பெரிய சொகுசுக் கார் வரிசைக்கு எதிரே மெர்சிடிஸ் பென்ஸின் 4.5 லீற்றர், எட்டுச் சிலிண்டர் 450 நின்றது. அதற்கு மேலே 6.9 லீற்றர் இயந்திரத்தோடு இன்னொன்றும் இருந்தது. பி.எம்.டபிள்யூவிடம் இருந்ததோ ஆறு சிலிண்டர் மட்டுமே. பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் ஒன்றைச் செய்து பார்த்து, எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் கைவிட்டிருந்தது. ஆகவே எழுபதுகளின் இறுதியில் ஆறு சிலிண்டர் இயந்திரத்துக்கே டர்போவைப் பூட்டி 745 எனப் பெயரிட்டது. 733 காரின் 3.2 லீற்றர் இயந்திரம் 197 குதிரைவலு தர, ஏறத்தாழ அதே அளவினதான இது 252 குதிரைவலு தந்தது.

பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம் சுவையானது. அக்கால மோட்டார் பந்தய விதிகளில், டர்போ உள்ள இயந்திரத்தின் கொள்ளளவை 1.4ஆற் பெருக்கியே பிற இயந்திரங்களோடு ஒப்பிட்டனர். 3.2ஐ 1.4ஆற் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 4.5 வரும். பந்தயத் திடலின் கணக்கொன்று கனவான்களின் காரில் ஏறி, மெர்சிடிஸ் 450ஐ முறைத்துப் பார்த்தது எனலாம். நான் ஏமாந்ததும் அங்கேதான்.

ஆனால் அன்றாடத் தெருவில் 3.2ஐ 4.5 ஆக்க முடியாது. டர்போ திணிக்கும் காற்றினால் எரிபொருள் தானாக வெடித்து இயந்திரம் தட்டாதிருக்க, சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் விகிதத்தை ஏழுக்கு ஒன்று என்ற அளவுக்குத் தாழ்த்தியிருந்தார்கள். எனவே புகை பெருகி டர்போ விழித்துக்கொள்ளும் வரை அந்த இயந்திரம் சற்றுச் சோர்ந்ததாகவே இருந்தது. விரைவுச்சாலையில் அதன் பாய்ச்சலை எவரும் பழிக்கவில்லை. நகரத்திலோ, சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படுபவருக்கு ஒரு கணத் தயக்கம், பின்னர் எதிர்பாராத உந்தல். மூன்றே கியர் கொண்ட தானியங்கிப் பெட்டி அத்தயக்கத்தை ஓரளவே மறைத்தது.

எண்பதுகளின் முற்பகுதியில் நிறுவனம் செய்த மாற்றம் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் போன்றது. இயந்திரத்தை 3,430 சி.சி.யாகப் பெருப்பித்தார்கள். டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். நான்கு கியர் பெட்டி வைத்தார்கள். குதிரைவலு அதே 252தான். ஆனால் அது கீழ்ச் சுற்றிலேயே, மிதித்தவுடன் கிடைத்தது. 745இன் வரலாற்றில் மிகச் சிறந்த வேலை இதுவே என்பது என் எண்ணம். விளம்பரத்தில் போடுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் உண்டு. டர்போவும் அதன் குழாய்களும் இயந்திரத்தின் வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டதால், வலப்பக்கச் சுக்கானுக்கு அங்கே இடமில்லை. ஆகவே இலங்கை போன்ற நாடுகளுக்கு அந்தக் கார் செய்யப்படவேயில்லை. எங்கள் தெருவுக்கு வரமுடியாத ஒன்றைப் பற்றியே நான் அவ்வளவு உறுதியோடு எழுதியிருந்தேன்! தென்னாபிரிக்காவில் மட்டும் டர்போவை நீக்கி, எம்1 பந்தயக் காரின் வழிவந்த 3,453 சி.சி. இயந்திரத்தைப் பொருத்தி, அதே 745 என்னும் பெயரில் சிறு தொகையாக விற்றார்கள்.

முதல் வரிசை 1986இல் முடிந்தபோது டர்போவும் போயிற்று. அடுத்த ஆண்டே, முன்னர் கைவிட்ட எண்ணத்துக்குத் திரும்பி, ஐந்து லீற்றர், பன்னிரண்டு சிலிண்டர் 750 வந்தது. 2001இல் 745 மீண்டும் பிறந்தது. டர்போ இல்லாத எட்டுச் சிலிண்டர், 4,398 சி.சி. 2019இல் இன்னொரு 745; டர்போவோடும் மின்மோட்டாரோடும் 2,998 சி.சி. இலங்கைச் சுங்கமோ வாகனத்தின் வரியைக் கணிக்கையில் பின்மூடியை நோக்குவதில்லை, சி.சி.யைத்தான் கேட்கும். அந்த வகையில் அது என்னைவிடக் கெட்டிக்காரன்.

அஞ்சலட்டையை ஒரு புத்தகத்தினுள் வைத்திருந்தேன். 1983 ஜூலையில் வெள்ளவத்தை அறை எரிந்தபோது அப்புத்தகமும் போயிற்று. முகவரி நினைவில் இல்லை. அன்று பத்திரிகையில் வரவேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

திருத்தம்: பி.எம்.டபிள்யூ 745 காரின் இயந்திரம் 4,500 சி.சி. என வெளிவந்தது தவறு. 3,210 சி.சி. என்பதே சரி. சுட்டிக்காட்டிய யாழ்ப்பாண வாசகருக்கு நன்றி.