குடத்துக்குள்ள கை விடாதே!

2019 தண்ணிப் பஞ்சம் ஞாபகம் இருக்கா? ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி வந்த வருஷம். எங்க ஃபிளாட்ல பக்கெட், அண்டான்னு கிடைச்சதுல எல்லாம் நிரப்பி வெச்சோம். மூணாவது நாள் எனக்கு வயித்துப்போக்கு. தண்ணி நிறையவே இருந்துச்சு. ஆனா ஆளாளுக்கு அதுலயே டம்ளரை முக்கி எடுத்திருந்தோம்.

அப்போதான் திருச்சுழிப் பக்கம் இருக்கிற எங்க அப்பத்தா வீடு ஞாபகம் வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் வானம் பார்த்த பூமி. குண்டாறு மழை பெய்தால்தான் ஓடும். குழாய் வர்றதுக்கு முன்னாடி, ஊருணியில தேங்கின மழைத்தண்ணிதான் குடிதண்ணி. அதைச் சுத்தம் பண்றது வீட்டு வேலை.

முதல் எதிரி, கலங்கல். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் உரசுவாங்க. அது மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து அடியில் படிய வைக்கும். ஆனா தெளிஞ்ச தண்ணி எல்லாம் நல்ல தண்ணி இல்லை.

இரண்டாவது, நரம்புச் சிலந்தி. தண்ணியில இருக்கிற பொடிப் பூச்சிக்குள்ள ஒளிஞ்சு வயித்துக்குள்ள போகும். சுமார் ஒரு வருஷம் கழித்து, பெரும்பாலும் கால் வழியா நீளமான புழுவா வெளியே வரும். இதுக்குத் தடுப்பூசி கிடையாது. ஆனா நெருக்கமா நெய்த துணியில வடிகட்டினா அந்தப் பூச்சி மாட்டிக்கும். 1980-களில் தொடங்கின தேசிய ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடும் இருந்தது. 2000-ல் இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டதா உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மூன்றாவது, காலரா. இது துணிக்கு முழுசா அடங்காது. கொதிக்க வைக்கணும். ஆனா ஆறினதும் கையை விட்டா, பட்ட பாடெல்லாம் வீண். 1980-களில் கொல்கத்தா குடிசைப் பகுதிகளில் ஒரு ஆய்வு நடந்தது. காலரா நோயாளி இருந்த வீடுகளுக்குக் குறுகிய வாய் உள்ள மண்கூஜா கொடுத்தாங்க. கூஜா கிடைக்காத வீடுகளில் மற்றவர்களுக்குத் தொற்று சுமார் 17 சதவீதம். கூஜா வீடுகளில் சுமார் 4. தண்ணியை மாத்தலை, பாத்திரத்தை மட்டும்தான் மாத்தினாங்க!

இதைத்தான் அப்பத்தா வேற மாதிரி சொல்லும்: "ஏய், கைய உள்ள விடாத! சாய்ச்சு ஊத்து."

சரி, நீங்க என்ன செய்யணும்? ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், மூணு நாளைக்கு 12. கொதிக்க வெச்சு, ஆற விட்டு, கழுவின குறுகிய வாய் கேன்ல மூடி வையுங்க. குழாய் வெச்ச கேன்னா இன்னும் நல்லது. தேதியும் எழுதி ஒட்டிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.