விலையை ஏத்தினது ஆர்?

எண்ணெய் விலை கூடுது எண்டு சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் விருப்பமில்லை. அதனால் அதைச் சொல்லும் வேலை இலங்கையில் கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2018க்கும் 2022க்கும் இடையில் நடந்ததை மட்டும் நாங்கள் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

2018 மே மாதம், மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது விலைச் சூத்திரம் வந்தது. இறக்குமதி விலை, செலவு, வரி எல்லாத்தையும் கூட்டினால் விலை தன்பாட்டில் வரும், அரசியலுக்கு அதில் இடமில்லை என்பதுதான் விளக்கம். 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 117 ரூபாவிலிருந்து 137 ஆனது. மண்ணெண்ணெய் 44இலிருந்து 101! அடுத்த மாதமே மண்ணெண்ணெயை 70க்கு இறக்கினார்கள். ஜூலையில் ஏற்றிய விலையை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நிறுத்தச் சொன்னார். சில நாளில் அது திரும்பவும் ஏறியது. சூத்திரத்துக்குள்ள அரசியல் இல்லை எண்டால் சனம் எப்படி நம்பும்?

ஆட்சி மாறியதும் சூத்திரம் கைவிடப்பட்டது. 2021 ஜூனில் பெற்றோல் 157 ரூபாவானபோது, வலுசக்தி அமைச்சர் உதய கம்மன்பில தானே ஊடகங்களுக்கு முன்னால் வந்து சொன்னார். எதிர்க்கட்சி திட்டியது, அது வழமை. ஆனால் ஆளும் பொதுஜன பெரமுனவின் பொதுச் செயலாளர் சாகர காரியவசமும் அவரைப் பதவி விலகச் சொல்லி அறிக்கை விட்டார். இது தனி முடிவல்ல, ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் தெரிந்து எடுத்தது என்றார் கம்மன்பில. பிறகு எதிர்க்கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தோற்கடித்ததும் அதே ஆளுங்கட்சிதான். கூட்டிய விலையோ அப்படியே இருந்தது. விலையும் வேணும், பழியும் வேண்டாம் என்பதை இவ்வளவு வெளிப்படையாக நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

2022இல் நிலைமை வேறு. ஏப்ரல் 19ஆம் திகதி பெற்றோல் 338 ரூபாவானது. அன்றே றம்புக்கனையில் ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. மே 24 விடியப்புறம் 3 மணியிலிருந்து பெற்றோல் 420, டீசல் 400 என்று அமைச்சர் காஞ்சன விஜேசேகர ருவிற்றரில் ஆங்கிலத்தில் போட்டார். காரணம் திரும்பவும் சூத்திரம்தான். ருவிற்றர் இல்லாத ஆக்களுக்குப் பெற்றோல் செட்டில் போய் நிண்டபிறகுதான் விசயம் தெரிந்தது.

ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போனது. எங்கட கரையில் சின்ன வள்ளங்களின் எஞ்சின் ஓடுவது அதில்தான். கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தவை ஆரிட்டப் போய்க் கேட்பது?