கலை பயின்றோருக்குச் சட்டம் அந்நியமன்று

"பி.ஏ. வரலாறு முடித்தபின் சட்டமா? மூன்று ஆண்டுகள் வீணாயினவே!" என்னும் பேச்சு நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. அவ்வாண்டுகள் உண்மையில் வீணானவையா? இவ்வினாவிற்குத் தாமிரபரணிக் கரையின் வரலாறு விடை தருகிறது.

நெல்லைச் சீமையில் 1891-இல் பிறந்தவர் ச. வையாபுரிப் பிள்ளை. சென்னையில் பி.ஏ. பட்டம் பெற்ற பின்னரே அவர் திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்றார். அந்நகரிலும் பின்னர் நெல்லையிலும் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியரானார். 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்ற அவ்வகராதியில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நூற்சான்றும் காட்டுவது அதன் முறை. சான்றின்றி எதனையும் ஏற்காத அப்பழக்கம் நீதிமன்றத்திற்கும் உரியதன்றோ!

நம் அரபு மதரஸாக்களின் பாடவரிசையும் இதனையே உணர்த்துகிறது. முதலில் ஸர்ஃபும் நஹ்வும் கற்பிக்கிறோம். மன்திக் என்னும் தர்க்கவியலும் அவற்றோடு சேர்கிறது. இவற்றின் துணைகொண்டே மாணவர் உஸூலுல் ஃபிக்ஹை அணுகுகிறார். ஒரு வினைச்சொல் கட்டாயத்தைக் குறிக்கிறதா, அனுமதியை மட்டும் குறிக்கிறதா என்று அறியாதவர் சட்டத்தை எவ்வாறு விளக்குவார்?

'வலத்' என்னும் அரபுச் சொல் மகன், மகள் இருவரையும் குறிக்கும். அதனை 'மகன்' என்று மட்டும் ஒருவர் பொருள் கொண்டால், பாகப்பிரிவினையில் ஒரு பெண்ணின் உரிமையே பறிபோகும். சொல்லறிவு எவ்வளவு பெரிய அமானிதம் என்பதை இது காட்டுகிறது.

நீதிமன்றங்களில் வழங்கும் வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ரத்து, வாரிசு ஆகிய சொற்களும் அரபு மூலத்தினவே. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அவை பழகிய சொற்கள்.

கணக்கையும் பார்ப்போம். மேல்நிலைக் கல்வி முடித்து நேரே சட்டத்தில் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள். பட்டப் படிப்பிற்குப் பின் சேர்ந்தால் மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டுகள். வேறுபாடு ஓராண்டே! உரிய மதிப்பெண் பெற்ற எந்தத் துறைப் பட்டதாரியும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பிற்கு விண்ணப்பிக்கலாம். நெல்லையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது.

வக்ஃபு ஆவணங்களையும் வாரிசுரிமை வழக்குகளையும் பொருளறிந்து வாசிப்போர் நம் சமுதாயத்திற்குத் தேவை. ஆகவே, பட்டம் பெற்ற மகனோ மகளோ சட்டம் பயில விரும்பினால், கழிந்த ஆண்டுகளைச் சொல்லித் தடுக்காதிருப்போம். அவர்கள் நீதிக்குத் துணை நிற்க அல்லாஹ் அருள்புரிவானாக!