ஊசிக்கு முந்தைய கேள்வி: பென்சிலின் வகை மருந்துகளும் தாதியரின் மதிப்பீடும்

பினாங்கு ஜார்ஜ் டவுனின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு முன்பு பிட் ஸ்திரீட் என்று பெயர். 1801-இல் தோன்றிய பள்ளிவாசலும் சீனர் வழிபடும் குவான் யின் கோயிலும் அத்தெருவில் இருக்கின்றன. அதன் ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சுற்றுலாக் கையேடுகளுக்கு இது நல்லிணக்க வீதி. இந்த வட்டாரத்து நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவேண்டிய தாதிக்கு இது வேறு மாதிரியான இடம். கடையநல்லூரில் சிறுவயதில் ஊசி போட்டதும் மேலெல்லாம் தடித்துப்போன பெரியவர், ஹொக்கியன் மட்டும் பேசும் பாட்டி, மேடானிலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்கியிருப்பவர் என்று யார் வந்தாலும், அவருடைய மருந்து வரலாறு பெரும்பாலும் எந்தத் தாளிலும் இல்லை. மலேசியாவில் தனியார் கிளினிக்கிலேயே மருத்துவர் மருந்தையும் வழங்குவதால், எழுதப்பட்ட கொஞ்சமும் பல கிளினிக்குகளில் சிதறிக் கிடக்கிறது. பீட்டாலாக்டம் மருந்துகளை, அதாவது பென்சிலின், செஃபலோஸ்போரின், அவற்றின் உறவு மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுப்பது பற்றிய பயிற்சி ஊசி முனையிலேயே குவிந்திருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் அதற்கு முன்பே, கேட்காமல் விட்ட கேள்வியில் தொடங்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வாமையிலிருந்து தொடங்கலாம். மேலை நாட்டு மருத்துவமனைகளில் பத்தில் ஒருவர் அளவுக்குத் தமக்குப் பென்சிலின் ஆகாது என்கிறார்கள். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. வைரஸ் காய்ச்சலின்போது வந்த தடிப்பு, மருந்தால் வந்த வயிற்றுப்போக்கு, அம்மாவுக்கு ஆகாததால் மகளுக்கும் ஆகாது என்ற குடும்ப நம்பிக்கை எல்லாம் மருந்தேட்டில் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லாக விழுகின்றன. அந்தச் சொல்லுக்கு விலை உண்டு. 2018-இல் பிஎம்ஜே இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், இப்படிக் குறிக்கப்பட்டவர்களுக்கு எம்ஆர்எஸ்ஏ என்னும் மருந்தெதிர்ப்புக் கிருமித் தொற்றின் ஆபத்து 69 விழுக்காடும், க்ளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் தொற்றின் ஆபத்து 26 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. எளிய மருந்தை விட்டுப் பரந்த வீச்சுள்ள மருந்துகளுக்குத் தாவியதே அதற்குப் பெருங்காரணம்.

தமிழ்நாட்டு வார்டுகளில் இதற்குத் தரப்படும் விடை 'டெஸ்ட் டோஸ்'. செஃப்ட்ரியாக்சோனை நீர்க்கச் செய்து, முன்கைத் தோலுக்குள் ஒரு துளி ஏற்றி, வட்டமிட்டு, சற்று நேரம் பார்த்துவிட்டு முழு ஊசியைப் போடுகிறார்கள். செவிலியருக்கு இது மனநிம்மதி தருகிறது. வழக்கு வந்தால் கேடயம் என்றும் நம்பப்படுகிறது. பென்சிலினுக்கு முறையான தோல் சோதனை உண்டு. அதற்கெனத் தயாரித்த சோதனைப் பொருள்கள் வேண்டும், செய்து பழகிய கையும் வேண்டும். செஃபலோஸ்போரினுக்கு அப்படிப் பொதுவாக ஏற்கப்பட்ட சோதனைப் பொருள் இல்லை. கை சிவக்காதவருக்கும் அனஃபிலாக்சிஸ் என்னும் உயிராபத்தான ஒவ்வாமை வரலாம். ஊசி குத்திய எரிச்சலால் மட்டும் சிவந்தவருக்கு நல்ல மருந்து கிடைக்காமல் போகலாம். இத்தகைய சோதனையை நெடுங்காலம் விடாமல் செய்துவந்த சீனாவே, செஃபலோஸ்போரினுக்கு வழக்கமான தோல் சோதனை தேவையில்லை என்று 2021-இல் வழிகாட்டியை மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் அது தொடர்வதற்கு அறிவியலைவிட அச்சமே காரணம் என்று நினைக்கிறேன்.

சோதனைத் துளி செய்யாததைக் கேள்வி செய்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2020-இல் வெளியான 'பென்-ஃபாஸ்ட்' மதிப்பீட்டில் மொத்தம் மூன்றே விவரங்கள். எதிர்வினை நடந்து ஐந்து ஆண்டுகளுக்குள் என்றால் 2 புள்ளி. முகம், தொண்டை வீக்கமோ அனஃபிலாக்சிஸோ தோல் உரியும் கடும் எதிர்வினையோ என்றால் 2 புள்ளி. அதற்கு அப்போது சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1 புள்ளி. மொத்தம் மூன்றுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. மருந்தைக் கொடுக்கலாமா என்ற முடிவு மருத்துவருடையது. விவரத்தைத் திரட்டுவது தாதியால் கூடும். கடையநல்லூர்ப் பெரியவரிடம் கேட்க வேண்டியது, ஊசி ஒத்துக்கொள்ளுமா என்று அல்ல. எந்த வயதில், ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில், மூச்சு முட்டியதா, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா, அதற்குப் பிறகு ஆக்மென்டின் போலப் பென்சிலின் வகை மருந்து எதையாவது சாப்பிட்டிருக்கிறாரா என்று, தமிழில் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆம், ஒன்றும் ஆகவில்லை என்ற பதில் வந்தால், பல பத்தாண்டு அச்சம் ஒரே நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

பென்சிலின் ஆகாதவர்களில் பத்தில் ஒருவருக்குச் செஃபலோஸ்போரினும் ஆகாது என்ற பழைய பாடமும் திருத்தம் பெற்றுவிட்டது. தொடக்ககாலத் தயாரிப்புகளில் பென்சிலின் கலப்பு இருந்ததால் அந்த எண் ஊதிப்போனது. இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு விழுக்காடு. மூலக்கூறின் பக்கச் சங்கிலி ஒத்திருக்கிறதா என்பதே முக்கியம். செஃபலெக்சின் ஆம்பிசிலினை ஒத்தது, செஃபட்ராக்சில் அமோக்சிசிலினை ஒத்தது. செஃபசோலின் எதையும் ஒத்ததல்ல.

கேள்வி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1996 அக்டோபரில் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் நடந்ததைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை. தாய்க்கு முன்பு சிபிலிஸ் இருந்ததால் பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுக்க முடிவாயிற்று. பெற்றோர் ஸ்பானிய மொழி மட்டுமே பேசியதால், தாய் ஏற்கெனவே சிகிச்சை பெற்றாரா என்பது தெளிவாகவில்லை. 1,50,000 யூனிட் பென்சாத்தீன் பென்சிலின் என்ற உத்தரவு மருந்தகத்தில் 15,00,000 என்று வாசிக்கப்பட்டது. அந்த அளவைத் தசையில் போடுவதானால் பச்சிளம் உடலில் ஐந்து முறை குத்த வேண்டும். அந்த வேதனையைத் தவிர்க்க எண்ணிய தாதியர் கையேட்டைப் புரட்டி, நீரில் கரையும் பென்சிலினுக்கான வரியை இதற்கும் பொருந்துவதாகக் கொண்டு, சிரையில் செலுத்தினர். குழந்தை இறந்தது. மூன்று தாதியர் மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணையை எதிர்கொண்ட ஒருவரை நடுவர் குழு விடுவித்தது. அந்நிகழ்வை ஆராய்ந்தவர்கள் அமைப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓட்டைகளைக் கண்டனர். 'சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம்' என்ற ஐந்து விதிகளை மனப்பாடம் செய்வித்துக் கடைசிக் கையில் இருப்பவரிடம் முழுப் பொறுப்பையும் ஒப்படைக்கும் பயிற்சிமுறை, அந்த ஓட்டைகளில் ஒன்றைக்கூட அடைப்பதில்லை. பால்போல் வெண்மையான பென்சாத்தீன் ஆழ்தசைக்கு மட்டுமே உரியது. அளவில் ஐயம் வந்தால் ஊசியை வைத்துவிட்டு மருந்தகத்தைக் கூப்பிடலாம் என்ற உரிமை தாதிக்கு எழுத்தில் வேண்டும்.

வேறு சில விலக்குகள் சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. பிறந்து 28 நாள் ஆகாத சிசுவுக்குக் கால்சியம் கலந்த திரவம் சிரையில் ஏறும்போது செஃப்ட்ரியாக்சோன் கூடாது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவு உண்டாகி உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. வலிக்காக லிக்னோகெய்னில் கரைத்த செஃப்ட்ரியாக்சோன் தசைக்கு மட்டுமே. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு செஃபெபிம் அளவைக் குறைக்காவிட்டால் குழப்பமும் வலிப்பும் வரலாம். முதல் ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் கண்காணிக்கும் இடத்தில் அட்ரினலின் கைக்கெட்ட இருக்க வேண்டும். பெரியவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில்.

நேரம் என்ற விதிக்கு இந்த வட்டாரத்தில் தனிப் பொருள் உண்டு. பீட்டாலாக்டம் மருந்துகள் கிருமியைக் கொல்வது உச்ச அளவால் அல்ல. இரத்தத்தில் போதிய அளவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதால். அமோக்சிசிலின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ரமலானில் பினாங்கின் நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிய மாத்திரையை மூன்று வேளையும் இரவுக்குள் அடக்கி விழுங்கினால், பகல் முழுதும் கிருமிக்கு ஓய்வு. உணவும் கணக்கில் வரும். நோன்புக் கஞ்சியோடு சேர்த்து விழுங்கினால் செஃபியூராக்சிம் நன்றாக உறிஞ்சப்படும், கிளாக்சசிலின் குறையும். அதை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும்.

நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளிக்கிறது, ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை; அந்த முடிவும் அவருடையதே. நோன்பு நோற்கிறார் என்று தெரிந்தால், எட்டு மணி நேரத்தில் பாதியாகும் செஃப்ட்ரியாக்சோனை நாளுக்கு ஒருமுறை ஊசியாகத் தரலாமா, தொற்றுக்கு ஏற்ற வேறு மருந்து உண்டா என்று மருத்துவர் யோசிக்க இடம் கிடைக்கும். மலேசியச் சுகாதார அமைச்சின் மருந்தாளர்கள் வழங்கும் ஒவ்வாமை அட்டை இருக்கிறதா என்று கேட்கும் அதே மூச்சில் நோன்பையும் கேட்டுவிடலாம். முதல் மாத்திரைக்கு முன்பு கேட்க வேண்டிய அதை, புண் ஆறாமல் நோயாளி மூன்றாம் நாள் திரும்பி வந்த பிறகு கேட்பதே இன்று வழக்கமாக இருக்கிறது.