கமிட்டுக்குப் பின் ஒரு செய்தி

மாசித் தெப்பத்தின்போது திருக்கோஷ்டியூர் குளக்கரை முழுக்க அகல் விளக்குதான். அங்கே விளக்கு விற்கும் ஒரு கடையில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வைத்துப் பில் போடுவதாக வைத்துக்கொள்வோம். வாங்கியவருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அது போய்ச் சேரும்வரை பில்லை நிறுத்திவைக்க முடியாது, கூட்டம் நெருக்குகிறது. அதனால் ‘இந்த எண்ணுக்கு ரசீது அனுப்பு’ என்ற செய்தியை டேட்டாபேஸுக்குள்ளேயே விட்டுவிட்டு அடுத்த பில்லுக்குப் போகிறோம். இனி அதன் பாடு.

அப்படி விட இரண்டு வழி உண்டு. போஸ்ட்கிரெஸின் ‘நோட்டிஃபை’ கட்டளை வழியாக விட்டால், பில் கமிட் ஆகும்வரை செய்தி வெளியே வராது. பில் ரத்தானால் செய்தியும் கூடவே ரத்து. கமிட் ஆனதும், லிசன் போட்டுக் காத்திருக்கும் இணைப்புகளுக்கெல்லாம் போய்விடும். இந்த ஊர்க் கோயிலின் மேலேறி ராமாநுஜர் எட்டெழுத்து மந்திரத்தை எல்லாருக்கும் அறிவித்தார் என்பார்களே, அதைப் போல. கீழே நின்றவர்களுக்குத்தான் கேட்கும். எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராம் அந்த நேரம் பார்த்து விழுந்து கிடந்தால் செய்தி போனது போனதுதான். திரும்ப எழுந்து வந்து கேட்டாலும் கிடைக்காது. போதாததற்கு, 8000 பைட்டுக்குள் அடங்கவும் வேண்டும்.

டேபிளில் ஒரு வரியாக எழுதினால் கதை வேறு. பில்லும் அந்த வரியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் ஏறுகின்றன. அனுப்பும் புரோகிராம்கள் நாலைந்து ஓடினால் முன்பு அவை எல்லாமே முதல் வரியிலேயே வந்து முட்டிக்கொண்டு நிற்கும். 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பின் ‘ஸ்கிப் லாக்ட்’ அதைத் தீர்த்தது: ஒன்று பூட்டிய வரியை மற்றது தாண்டிப்போய் அடுத்ததை எடுக்கும். எடுத்த புரோகிராம் பாதியில் செத்தாலும் பூட்டு விலகும், வரி அப்படியே இருக்கும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

இதற்கும் விலை உண்டு. எஸ்எம்எஸ் போன பிறகு, அந்த வரியை அழித்துக் கமிட் செய்யும் முன் புரோகிராம் செத்தால் அதே ரசீது இரண்டாம் முறையும் போகும். பில் எண்ணை வைத்துத் தடுக்க வேண்டும். அழித்த வரிகள் உள்ளே குப்பையாகத் தங்கும். அதைப் பெருக்கும் வேக்குவம் ஒழுங்காக ஓடாவிட்டால் டேபிள் ஊதிப்போகும்.

ஆகவே செய்தி டேபிளில் இருக்கட்டும். காத்திருக்கும் புரோகிராமைத் தட்டி எழுப்ப மட்டும் நோட்டிஃபை. தட்டியது கேட்காமல் போனாலும், சில நொடிக்கு ஒருமுறை டேபிளைப் பார்த்தால் வேலை விட்டுப்போகாது. நோட்டிஃபையை மட்டுமே நம்பிக் காசு விவகாரம் எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றே ஒரு டேபிளைச் சேர்த்துவிடுங்கள்.