டோக்கியோ ஸ்டோரி

யசுஜிரோ ஓசு இயக்கி 1953இல் வெளியான ஜப்பானியக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். மூலப்பெயர் 'டோக்கியோ மோனோகதாரி'. ஷோச்சிகு நிறுவனத் தயாரிப்பு. திரைக்கதையை ஓசுவும் கோகோ நோதாவும் எழுதினர்.

ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதியர் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகின்றனர். மருத்துவரான மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. பெற்றோரை அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகின்றனர். போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ (செத்சுகோ ஹாரா) மட்டுமே விடுப்பெடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். தந்தையாக வரும் சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் குடும்பப் பிணைப்பு தளர்ந்ததன் சித்திரமாக இப்படம் படிக்கப்படுகிறது. ஆயினும் இதில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. மனத்தாங்கல் புன்னகைக்குள்ளேயே அடங்கிப்போகிறது. பின்னர் இறந்துபோகும் தாயின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு அவளுடைய உடைகளை நினைவுப் பொருளாகக் கேட்கும் மகளைக்கூட ஓசு கொடியவளாக்கவில்லை.

இப்படத்தில் தாழ்ந்து நிற்கும் கேமரா, 'ததாமி' பாயில் அமர்ந்தவரின் பார்வை மட்டம் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மைதான். கேமரா பெரும்பாலும் அதைவிடத் தாழ்வாகவே இருக்கிறது. பாயே இல்லாத இடங்களிலும் அப்படித்தான். பண்பாட்டின் கணக்கில் எழுதப்படுவதில் ஒரு பங்கு இயக்குநரின் தனிப் பிடிவாதம்.

2012இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய இயக்குநர்கள் வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது.