ஒரு நீலக் கறையின் வழித்தடம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலக் கடலோரத்தை ஒட்டி மரம் அதிகமில்லாத பொட்டல்வெளிகள் உண்டு. பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன மணலும் கூழாங்கல்லும்தான் அங்கே மண். புளிப்பேறிய, சத்தற்ற அந்த மண்ணில் முழங்காலுக்குக் கீழேயே படர்ந்து கிடக்கிறது காட்டு ப்ளூபெர்ரி. யாரும் நட்டதில்லை, நிலத்தடித் தண்டுகள் மூலம் தானாகப் பரவியது. வபநாக்கி பழங்குடியினர் அவ்வப்போது தீ வைத்துப் புதரைத் துளிர்க்க வைத்தார்கள். இன்றைய விவசாயிகளும் அறுவடை முடிந்ததும் அதை அடியோடு வெட்டுகிறார்கள், அல்லது எரிக்கிறார்கள். அதனால் ஒரு வயல் ஈராண்டுக்கு ஒருமுறைதான் பழம் தரும்.

கோடையில் பழம் முற்றும்போது தோலில் அந்தோசயனின் என்ற நிறமி ஏறுகிறது. நாவல்பழம் தின்று நாக்கு ஊதாவானவர்களுக்கு இதன் பங்காளியைத் தெரியும். காட்டுப் பழம் பட்டாணி அளவுதான். பழம் சிறுத்தால் எடைக்கு எடை தோல் கூடும். தோலோடு நிறமியும் கூடும். ஆகஸ்டில் வாரி எடுத்த பழங்களில் பெரும்பகுதி உடனே உறையவைக்கப்படுகிறது. அதில் நிறமிக்குப் பெரிய சேதமில்லை, சூடுதான் அதற்கு ஆகாது.

ஒரு காலத்தில் இந்த நிறமியைச் சோதனைக்குழாயில் வைத்தே மதிப்பிட்டார்கள். ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்று பழங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். விளம்பரக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உடலுக்குள் நடப்பதை அந்த எண்கள் காட்டுவதில்லை என்று அமெரிக்க வேளாண்துறை 2012இல் பட்டியலையே விலக்கிக்கொண்டது. சரியான முடிவுதான். ஏனென்றால் விழுங்கிய நிறமி, நிறமியாகவே ரத்தத்தில் சேர்வது சொற்பம். பெரும்பகுதி பெருங்குடல்வரை போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சிறுசிறு அமிலங்களாக்குகின்றன. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், கார்பன் அணுக்களில் அடையாளமிட்ட 500 மில்லிகிராம் நிறமியை எட்டு ஆண்களுக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 12 விழுக்காடு உடலில் சேர்ந்து சிறுநீரிலும் மூச்சிலும் வெளிப்பட்டது. மூச்சில் வந்ததே கூடுதல், அதுவும் கரியமில வாயுவாக. ஆக, பயன் ஏதும் இருந்தால் அதில் பெரும்பங்கு நிறத்துக்கு அல்ல, அதன் உடைசல்களுக்குத்தான் சேரவேண்டும்.

பயன் உண்டா? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 65 முதல் 80 வயதுவரையிலான 61 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு நாள்தோறும் 26 கிராம் காட்டு ப்ளூபெர்ரிப் பொடியும் மறுபாதிக்குப் போலிப் பொடியும் 12 வாரம் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவு: பழப்பொடி உண்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் மூன்றரைப் புள்ளி அளவில் இறங்கியது, ரத்தக்குழாய்கள் கொஞ்சம் நன்றாக விரிந்தன, சில நினைவாற்றல் சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் மட்டும் மாறவில்லை.

செலவை ஏற்றது வட அமெரிக்கக் காட்டு ப்ளூபெர்ரிச் சங்கம். அதற்காக முடிவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. முறையாக நடந்த ஆய்வுதான். ஆனால் 61 பேர், 12 வாரம் என்பது மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறப் போதுமான கணக்கல்ல.